பழைய பட்டாளத்து ரைபிள், விலை குறைந்த தோட்டா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

துப்பாக்கி பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து வடசென்னையிலிருந்துதான் அதிகம் கேள்வி வருகிறது. ரயில்வே குடும்பங்கள், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று பலர் எழுதுகிறார்கள். இந்த முறை பெரும்பாலான கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சார், என் மூத்த மகன் ஹூஸ்டனில் இருக்கிறான், கிரீன் கார்டு வாங்கிவிட்டான். உலகப் போர் காலத்துப் பிரிட்டிஷ் ரைபிள் லீ-என்ஃபீல்டு ஒன்றும் ரஷ்ய மோசின்-நாகன்ட் ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்விடுகிறான். தோட்டா வாங்கியே சம்பளம் கரைகிறது என்று மருமகள் போனில் புலம்புகிறாள். விலை குறைவாகத் தோட்டா கிடைக்க வழி இருக்கிறதா? - ராயபுரம் வாசகர்

இருக்கிறது, ஆனால் உங்கள் மகன் பழைய வீடியோக்களில் கேட்டிருக்கக்கூடிய விலை இனி வராது, அதை முதலில் அவர் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு நாட்டு ராணுவம் துப்பாக்கியை மாற்றும்போது பழைய அளவுத் தோட்டா கிடங்கு கிடங்காகத் தேங்கிப் போகும், மொத்த வியாபாரிகள் அதை அடிமாட்டு விலைக்கு எடுத்து அமெரிக்காவில் விற்பார்கள். 2000-களில் மோசினுக்கான 7.62×54 ஆர் தோட்டா 440 அடங்கிய சீல் வைத்த தகர டப்பா நூறு டாலருக்குள் கிடைத்தது. அது எடுக்க எடுக்கக் குறைகிற சரக்கு, மறுபடி யாரும் செய்து நிரப்பப் போவதில்லை. இதற்கு மேல் 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்க அரசு நிறுத்தியது, ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைத்த விவகாரத்துக்காகப் போட்ட தடையின் ஒரு பகுதி அது. அடுத்த பிப்ரவரியில் உக்ரைன் போர் வந்தது. மோசினின் அதே தோட்டாவைத்தான் பி.கே.எம். இயந்திரத் துப்பாக்கியும் டிராகுனோவ் ஸ்னைப்பர் ரைபிளும் இன்றைக்கும் தின்கின்றன, அதனால் கிழக்கு ஐரோப்பாவில் மிச்சம் மீதி இருந்ததும் சந்தைக்கு வர வழியில்லாமல் போனது.

லீ-என்ஃபீல்டுக்கான .303 தோட்டாவுக்கு நிலைமை வேறு. பெரிய ராணுவம் எதுவும் இப்போது அதை முதன்மைத் துப்பாக்கியாக வைத்திருக்கவில்லை, நல்ல பழைய சரக்கு ஏறக்குறைய தீர்ந்தே விட்டது. கண்காட்சிகளில் கைமாறுகிற பழைய பாகிஸ்தான் தோட்டா, பி.ஓ.எஃப். என்று அடியில் முத்திரை இருக்கும், அது தாமத வெடிப்புக்குப் பேர் போனது. விசையை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும், ஒரு கணம் கழித்து வெடிக்கும். வெடிக்கவில்லையே என்று உடனே போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தாழ்ப்பாளை, திறந்தால் அந்த நேரத்தில் வெடித்து முகத்துக்கு வரும். எந்தத் தோட்டாவாக இருந்தாலும் 'டிக்' கேட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது முப்பது விநாடி காத்திருக்க வேண்டும், இதை உங்கள் மகனிடம் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்.

சரி, வழிக்கு வருகிறேன். .303-க்கு இன்றைக்கு நியாயமான வழி செர்பியாவின் ப்ர்வி பார்ட்டிஸான் புதிதாகச் செய்கிற தோட்டாதான். உசிட்சே என்ற ஊரில் 1928 முதல் இயங்குகிற தொழிற்சாலை அது, வேறு யாரும் கைவிட்ட பழைய ராணுவ அளவுகளை இன்னமும் விடாமல் செய்கிறார்கள், அந்த ஒன்றுக்காகவே பழைய ரைபிள்காரர்கள் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். செக் நாட்டின் செல்லியர் அண்ட் பெல்லோவும் நல்ல சரக்கு. ஒரு தோட்டா ஒரு டாலரைத் தாண்டும். இதில் எங்கே மலிவு என்று உங்கள் மகன் கேட்பார். மலிவு சுட்ட பிறகு கையில் மிஞ்சுகிற பித்தளை உறையில் இருக்கிறது. தோட்டாவில் விலை கூடிய பாகம் அந்த உறைதான், அது பாக்ஸர் வகையாக இருந்தால் அடியில் பொறி கிளப்புகிற பழைய பிரைமர் மூடியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியது வைத்து, மருந்தும் குண்டும் நிரப்பி மறுபடி மறுபடி சுடலாம். பழைய ராணுவ சரக்கில் பெரும்பாலும் பெர்டன் வகை இருக்கும், பிரைமருக்கு அடியில் இரண்டு சின்ன ஓட்டை, அதை வீட்டில் கழற்றி மாற்றுவது பெரும்பாடு. ஆகவே சுட்டதோடு அந்த உறை குப்பைக்குத்தான். விலை ஒப்பிடும்போது இதையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

டெக்சாஸில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்வது சட்டப்படி சரி, விற்றால்தான் உரிமம் வேண்டும். லீ-என்ஃபீல்டுக்கு நிரப்புவதில் ஒரு சூட்சுமம் உண்டு. போர்க்களத்துச் சேற்றிலும் தோட்டா சிக்காமல் ஏற வேண்டும் என்று அந்த ரைபிளின் சேம்பரை, தோட்டா உட்காருகிற அறையை, தாராளமாகக் குடைந்திருப்பார்கள், அதனால் ஒரு முறை சுட்டதும் உறை நன்றாக உப்பிவிடும். அதை முழு நீளத்துக்கும் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தால் அடுத்த முறை மறுபடி உப்பும், இப்படி நாலைந்து தடவை ஆனதும் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து இரண்டாக அறுந்துபோகும். கழுத்துப் பகுதியை மட்டும் அளவுக்குக் கொண்டு வந்தால் போதும், அந்த உறையை அதே ரைபிளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடிக்குமேல் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், ஒரு முறை கூடச் சுட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையே கூடாது.

குண்டின் பருமனும் முக்கியம். .303 என்று பேர் இருந்தாலும் குண்டு .311 அல்லது .312 அங்குலம். கடையில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று .308 குண்டை வைத்தால் குழலின் வரிகளில் பிடிப்பில்லாமல் போய்ப் பலகை முழுக்கச் சிதறும். நூறு கஜம் தூரத்துக்குள் காகித இலக்குதான் என்றால் ஈயத்தில் வார்த்த குண்டு, அடியில் செம்புத் தகடு வைத்தது, மெதுவான வேகத்தில் சுடலாம், குழலும் தேயாது, தோளும் வலிக்காது, செலவும் பாதிக்கு வரும். மருந்தின் அளவை மட்டும் அச்சிட்ட கையேட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், நண்பன் சொன்னான் என்று வைக்கவே கூடாது.

மோசினுக்கு அவரிடம் பழைய தகர டப்பா ஏதாவது இருந்தால் அதிலுள்ள தோட்டாவை உப்பு விடுகிற சரக்கு என்றே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் காலப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாக மாறிக் குழல் முழுக்க ஒட்டிக்கொள்ளும், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றும். காசிமேட்டில் கடலைப் பார்த்த வீட்டு இரும்பு கேட் என்ன கதியாகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதேதான் குழலுக்குள் ஒரே ராத்திரியில் நடக்கிறது. ஹூஸ்டனும் ஈரக் காற்று ஊர். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பிரிட்டிஷ் பட்டாளத்தில் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றுவார்கள். இன்றைக்கும் அதைவிடச் சிறந்த வழி கிடையாது, சூட்டில் தானாகவே காய்ந்தும் விடும். பிறகு துணி விட்டுத் துடைத்து எண்ணெய் போட வேண்டும், போல்ட்டின் முகத்தையும் மறக்காமல் கழுவ வேண்டும். கண்ணாடி துடைக்கிற அம்மோனியா திரவம் தெளித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான்.

இன்னொன்று, பழைய மோசின் தோட்டாக்களில் பலவற்றின் குண்டுக்குள் மென்மையான எஃகு இருக்கும். பல ரேஞ்சுகளில் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் உள்ளே விட மாட்டார்கள். மொத்தமாக வாங்கிய பிறகு இது தெரிந்தால் மனசு கஷ்டமாகிவிடும்.

நான் இருந்தால் என்ன செய்வேன் என்றால், செர்பியத் தோட்டாவைப் பெட்டியாக ஒரே தடவை வாங்கி, ரேஞ்சில் இருக்கிற இரண்டு பேரோடு கூரியர் செலவைப் பகிர்ந்துகொண்டு, உறையை எல்லாம் பத்திரப்படுத்துவேன். வாராவாரப் பயிற்சிக்கு .22 ரைபிள் ஒன்று வைத்துக்கொள்வேன். லீ-என்ஃபீல்டிலேயே .22 பயிற்சி ரைபிள்கள் செய்திருக்கிறார்கள், நம்பர் 8 என்று பெயர். கை, கண், மூச்சு எல்லாம் .22-லேயே பழகும். பெரிய ரைபிளை மாதம் ஒரு தரம் எடுத்தால் போதும், மருமகளும் புலம்ப மாட்டாள்.

என் மாப்பிள்ளை எச்1பி விசாவில் டல்லாஸில் இருக்கிறார். நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போவதாகவும், அங்கே தோட்டா மலிவாகக் கிடைத்தால் வாங்கி வீட்டில் வைக்கலாமா என்றும் கேட்கிறார். - திருவொற்றியூர் வாசகி

அம்மா, இதைத் தள்ளிப் போடாமல் அவரிடம் சொல்லுங்கள். எச்1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். ஒரு தோட்டா என்றாலும் குற்றம்தான். விதிவிலக்கு உண்டு, அங்குள்ள ஒரு மாநிலம் தந்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். நண்பர்கள் எல்லோரும் சுடுகிறார்களே என்று இவரும் சுடுவார், அந்த நண்பர்களில் பாதிப் பேர் கிரீன் கார்டோ குடியுரிமையோ வாங்கியவர்களாக இருப்பார்கள், இவருக்கு அது பொருந்தாது. விசாவே கையை விட்டுப் போகிற விஷயம் இது. அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் ரேஞ்சுப் பக்கம் போகச் சொல்லுங்கள்.

ஊருக்கு லீவில் வரும்போது ரேஞ்சுக்குக் கொண்டு போன பையையே தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பையின் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் மீனம்பாக்கம் ஸ்கேனரில் தெரியும், அதன் பிறகு கல்யாண வீட்டுக்கு வந்தவர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் தாத்தா எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) ரயில்வேயில் வேலை பார்த்தவர், ரயில்வே ரைபிள்ஸ் படையிலும் இருந்தார். அவருடைய டிரங்க் பெட்டியைத் திறந்தபோது துணியில் சுற்றிய பித்தளைத் தோட்டாக்கள் கிடைத்தன, அடியில் கே, எஃப் என்று எழுத்தும் நடுவில் அம்புக்குறியும் இருக்கிறது. இது இன்னும் வேலை செய்யுமா? விலை போகுமா? - பெரம்பூர் வாசகர்

கே.எஃப். என்பது புனே பக்கத்தில் இருக்கிற கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலை முத்திரை. பெரம்பூர்ப் பணிமனையை ஒட்டி வளர்ந்த பல வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், எம்.எஸ்.எம். ரயில்வே ரைபிள்ஸ் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த துணைப்படை. உங்கள் தாத்தாவின் நினைவு அது, அந்த மதிப்பு எனக்குப் புரிகிறது.

ஆனாலும் வேலை செய்யுமா என்று யோசிக்கவே வேண்டாம். .303 இங்கே தடை செய்யப்பட்ட அளவு. அனுமதியில்லாமல் அந்தத் தோட்டாவை வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம். விற்கவோ, தெரிந்தவர் கேட்கிறார் என்று கொடுக்கவோ கூடாது. பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள், அடுப்படி பக்கம் வைக்காதீர்கள், பழைய இரும்புக் கடையில் போடவே போடாதீர்கள், அங்கே அதை உருக்குகிற ஆள் உங்களை மாதிரி ஒரு குடும்பஸ்தர்தான்.

டிரங்கிலேயே இருக்கட்டும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுதச் சட்டம் 21-வது பிரிவு, வைத்திருக்க உரிமையில்லாத தோட்டாவைத் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. முதலில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, 'தாத்தா பெட்டியில் கிடைத்தது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள், நீங்களாகப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம். எங்கே எப்படிக் கிடைத்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வக்கீலும் கூட வந்தால் நல்லது. காலி உறையையாவது நினைவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். தோட்டாவின் பாகங்களும் தோட்டாதான் என்று சட்டத்தின் விளக்கம் சொல்கிறது, அதனால் போலீஸார் எழுத்தில் சரி என்று சொன்னால் ஒழிய வேண்டாம். தாத்தாவின் பெல்ட், பேட்ஜ், படத்தில் இருக்கிற அவருடைய முகம், இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, நான் காலேஜில் என்.சி.சி., .22 சுட்டிருக்கேன். அமெரிக்காவில் பழைய மிலிட்டரி ரைபிளை யார் வேண்டுமானாலும் வாங்குறாங்க, நம்ம போலீஸ் கழிச்சுப் போட்ட .303-ஐ நமக்கு ஏன் விற்க மாட்டேங்கறாங்க? - வியாசர்பாடி

தம்பி, நல்ல கேள்வி. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு விடை கொடுத்தது, மற்ற மாநிலங்களிலும் படிப்படியாகக் கழித்து வருகிறார்கள். அவ்வளவு ரைபிளும் பொதுமக்கள் கைக்கு வராததற்குக் காரணம் 1857-லிருந்து தொடங்குகிறது. சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு ஆயுதம் நம் கையில் சேரக் கூடாது என்பதில் வெள்ளைக்காரன் குறியாக இருந்தான், 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டு வந்தான். ராணுவம் எந்த அளவுத் தோட்டாவைப் பயன்படுத்துகிறதோ அதைத் தனியார் வைத்திருக்கக் கூடாது என்று வைத்தான், கிடங்கிலிருந்து திருடிய தோட்டா வெளியில் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தக் கூடாது என்பதுதான் கணக்கு. வேட்டைக்காரர்களுக்கும் எஸ்டேட்காரர்களுக்கும் ஏதாவது வேண்டுமே, அதற்காக ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மன்லிஷர் தோட்டாவை எடுத்து .315 என்று பேர் வைத்தார்கள். இன்றைக்கும் நம் நாட்டில் லைசென்ஸுக்குக் கிடைக்கிற சாதாரண ரைபிள் அதுதான், வங்காளத்தில் இருக்கிற இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்கிறார்கள், உள்ளே பார்த்தால் லீ-என்ஃபீல்டின் போல்ட் அமைப்பேதான். சுதந்திரம் வந்து 1959-ல் புதுச் சட்டம் போட்டபோதும் அந்தப் பிரிவினையை அப்படியே வைத்துக்கொண்டோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. துப்பாக்கி ஊரெல்லாம் பரவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ரேஞ்சுக்குள்ளேயே வைத்துப் பூட்டி, கிளப் பொறுப்பில் .303 சுடுகிற போட்டி நடத்தலாமே, அந்த ரைபிளைப் பிடித்து இரண்டு உலகப் போரிலும் செத்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள்.

நீ இப்போதைக்கு .22-ஐ விடாதே. என்.சி.சி.யில் உனக்கு இலவசமாகக் கிடைக்கிற தோட்டாவை வெளியில் சுட எவ்வளவு செலவாகும் என்று சென்னை ரைபிள் கிளப்பில் விசாரித்துப் பார், அப்போது அதன் அருமை தெரியும். வீட்டில் பழக .177 ஏர் ரைபிள் இருக்கிறது, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டதற்கு லைசென்ஸ் தேவையில்லை, ரவையும் மலிவு. மொட்டை மாடியில் சுடாதே, அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருக்கும்.

அப்பா காலத்து .315 ரைபிள் என் பெயருக்கு மாற்றி லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. வடக்கே இருந்து வருகிற ஒருவர் கையால் நிரப்பியது பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். - தண்டையார்பேட்டை வாசகர்

வேண்டாம் சார். ராயபுரம்காரரின் மகனுக்கு நிரப்பிக்கொள்ளச் சொன்னேனே என்று கேட்காதீர்கள், அங்கே சட்டம் வேறு. இங்கே உரிமமில்லாமல் தோட்டா செய்வதும் நிரப்புவதும் ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுக்கு எதிரானது, ஏழு வருஷத்திலிருந்து ஆயுள் வரை போகும். வாங்குகிற உங்களையும் விடாது, உங்கள் லைசென்ஸ் அதோடு போய்விடும். அது போனால் அப்பாவின் ரைபிளும் போய்விடும்.

சட்டத்தை விடுங்கள், அந்தத் தோட்டாவுக்குள் என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வேகமாக எரிகிற மருந்தை ரைபிள் உறையில் நிரப்பினால் சேம்பரே கிழியும். உங்கள் கன்னம் அதற்கு மூன்று அங்குலத்தில் இருக்கிறது. லைசென்ஸ் பெற்ற கடையில் அரசுத் தொழிற்சாலைத் தோட்டாவை, ரசீதோடு, உங்கள் லைசென்ஸில் பதிவு செய்து வாங்குங்கள். எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே இருக்கும். ஒரே பெட்டியில் வந்ததைச் சேர்த்து வாங்கினால் குறி மாறாது, அதனால் ரைபிளின் குறியைச் சரி செய்யவே தோட்டாவை வீணாக்க வேண்டியிருக்காது.

விலையைக் குறைக்க எனக்குத் தெரிந்த நேர்வழி, தோட்டா இல்லாமல் பழகுவதுதான். போலித் தோட்டா போட்டு, சேம்பரை இரண்டு முறை பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைக் குறி வைத்து விசையை அழுத்திப் பழகுங்கள். விசை விடும்போது குழல் நுனி அசையாமல் நிற்கிற வரை நிஜத் தோட்டாவைத் தொட வேண்டாம். தினமும் கால்மணி நேரம் செய்தால் உங்கள் கையில் இருக்கிற பெட்டி வருஷம் முழுக்க வரும். உறைகளில் பச்சை பிடிக்காமல் இருக்கத் தோல் பட்டையில் சொருகி வைக்காதீர்கள், தோல் பதனிட்ட அமிலம் பித்தளையை அரிக்கும், அதுவும் நம் பக்கத்து ஈரத்தில். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டி வையுங்கள்.

சித்தப்பா மகன் அரிசோனாவில் 'இஷாப்பூர் 2ஏ1' என்று ஒரு ரைபிள் வாங்கியிருக்கிறான், நம் நாட்டுச் சரக்காம். கடையில் கிடைக்கிற .308 தோட்டாவைப் போடலாமா? - எண்ணூர் வாசகர்

நம் நாட்டுச் சரக்குதான், பெருமைப்படலாம். 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூரில் லீ-என்ஃபீல்டையே 7.62 நேட்டோ, அதாவது நேட்டோ நாடுகளின் ராணுவத் தோட்டா, அளவுக்குச் செய்தார்கள். பழைய .303-ஐக் குடைந்து மாற்றியது என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, உயர்ந்த எஃகில் புதிதாகவே செய்தது. 2ஏ-வில் 2000 மீட்டர் வரை இருந்த குறிக்காட்டியை 2ஏ1-ல் 800 மீட்டராகக் குறைத்தார்கள்.

.308-உம் 7.62-உம் வெளிப்பார்வைக்கு ஒன்று. ராணுவ ரைபிளின் சேம்பர் சற்று நீளமாக இருக்கும், கடைத் தோட்டாவின் உறை சற்று மெல்லியது. அழுத்தம் .308-க்கு 62,000, 7.62-க்கு 50,000 என்று இரண்டு எண்களை வைத்துச் சண்டை போடுவார்கள், இரண்டும் வேறு வேறு முறையில் அளந்தவை, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. உங்கள் தம்பி முதலில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கிற இடத்துக்கும் உள்ள தூரம், அளந்து பார்க்கட்டும், சரியாக இருந்தால் 147 அல்லது 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டுள்ள ராணுவ வகைத் தோட்டாவே போதும், வேட்டைக்கான கனத்த லோடு வேண்டாம். அந்த அளவு அமெரிக்காவில் புதிதாகவே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, .303-ஐவிட விலையும் குறைவு. பழைய ரைபிளும் வேண்டும், தோட்டாவுக்கு அலையவும் கூடாது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்கிற பெயரே இஷாப்பூர்தான்.